நமக்கென ஒரு கலைமன்றம்



1893இல் இரட்டைமலை சீனிவாசனார் 'பறையன்' இதழையும், 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் தொடங்கினர். பிறர் நமக்காகப் பேசட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அவ்வழியிலேயே நமது சேரியில் இக்கலைமன்றத்தைத் தொடங்குகின்றோம்.

பறை நம்முடையது, அதனை எங்கே, எப்பொழுது அடிப்பதென்று முடிவு செய்தவர்களோ பிறர். சாவுக்கு அடிக்க மறுத்தால் வயல்வேலை நின்றது. பொருள் கொடுப்பவரே பாட்டையும் முடிவு செய்வர். ஆதலின் ஊர்ப் பெரியதனக்காரரிடமோ கட்சியினரிடமோ நன்கொடை பெறுவதில்லை என உறுதி பூண்டுள்ளோம். வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்ப்போம். அதுவே நமது மூலதனம்.

மாலையில் பறைப் பயிற்சி, பெண்மக்களும் பழகுவர். இரவில் படிப்பகம். நம் தாய்மார் பாடும் நடவுப்பாட்டையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் இளைஞர்கள் ஏட்டில் எழுதுதல் வேண்டும். பாடியவர் பெயரையும் தவறாது எழுதுக. நாம் பெயரின்றி வாழ்ந்தது போதும்.