மஞ்சள் சிவப்பது ஏன்? எதிர்மின்னிகள் இயங்கும் வகை



தமிழர் இல்லங்களில் வழிவழியாக நடந்துவரும் வேதியல் ஆய்வு ஒன்று உண்டு. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டா. கண்ணாடிக் குழாய் வேண்டா. ஏனத்தில் நீர் வார்த்து, மஞ்சளைக் கரைத்து, ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பை இட்டால் போதும். பொன்னிறமாய் இருந்த நீர் நொடியில் குருதிச் செம்மை கொள்கிறது. மணமக்களுக்கு ஆலத்தி எடுக்கும் தாய்மார் இதனை நன்கறிவர். மஞ்சட்கறை பட்ட வெள்ளாடையில் வழலை தேய்த்தால் கறை சிவப்பதையும், அதே ஆடையை வெயிலில் உலர்த்தினால் கறை மங்கி மறைவதையும் துணி துவைப்போர் அறிவர். சிவப்பது ஏன், மறைவது ஏன் என்று கேட்டால் மட்டும் விடை வருவதில்லை. கண்ணேறு கழிகிறது என்பார் சிலர். அது மஞ்சளின் இயல்பு என்று சொல்லி நகர்வார் பலர். வேதியல் பயின்ற பிள்ளையும் வாய் திறவாது நிற்கும். அப்பிள்ளையின் பாடநூலில் இதற்குரிய விடை உண்டு. ஆனால் அவ்விடை வேற்றுமொழிச் சொற்களுக்குள் உறைந்து கிடக்கிறது. அடுக்களைக்கும் அதற்கும் உறவில்லாது போயிற்று. அவ்வுறவை மீட்டுத் தருவதே இவ்வுரையின் நோக்கம்.

முதற்கண் பெயரைக் காண்க. அணுவின் கருவைச் சூழ்ந்து இயங்கும் நுண்துகளைத் தமிழகப் பாடநூல்கள் எலக்ட்ரான் என்றும், ஈழத்துப் பாடநூல்கள் இலத்திரன் என்றும் வழங்குகின்றன. இச்சொல்லை 1891-இல் முன்மொழிந்தவர் அயர்லாந்து அறிஞர் இசுட்டோனி. அதன் வேர் கிரேக்கம். மரப்பிசின் இறுகிக் கல்லான பொன்னிறப் பொருளைக் கிரேக்கர் அப்பெயரால் அழைத்தனர். அதனைத் தேய்த்தால் துரும்பை ஈர்க்கும். இவ்வரலாறு அறியாத தமிழ்ப் பிள்ளைக்கு எலக்ட்ரான் என்பது வெறும் ஒலி. மின்னணு என்ற சொல்லும் வழக்கில் உண்டு. எனினும் அணுவின் ஓர் உறுப்பை அணு என்றே அழைப்பது பொருந்தாது. எதிர்மின் ஏற்றம் உடையது ஆதலின் எதிர்மின்னி. அதற்கு மாறான ஏற்றம் உடையது நேர்மின்னி. சொன்ன அளவிலேயே பாதிப் பாடம் விளங்கிவிடுகிறது.

இனி, அவ்வெதிர்மின்னிகள் தமக்குள் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதைக் காண்போர்க்கு ஒரு புதிர் காத்திருக்கிறது. 1897-இல் ஆங்கிலேய அறிஞர் தாம்சன் எதிர்மின்னியைக் கண்டறிந்தார். அதன் பொருண்மை நேர்மின்னியின் பொருண்மையில் ஏறத்தாழ 1836-இல் ஒரு பங்கு. ஓர் எதிர்மின்னிக்கும் மற்றோர் எதிர்மின்னிக்கும் எள்ளளவும் வேற்றுமை இல்லை. எல்லாம் ஒரே வகை ஏற்றம் உடையன ஆதலின் ஒன்றையொன்று தள்ளும். அருகில் நெருங்க நெருங்கத் தள்ளும் விசை மிகும். தொலைவு பாதியானால் விசை நான்கு மடங்காகும். இவ்வாறு தள்ளிக்கொள்ளும் துகள்களே அணுவோடு அணுவைப் பிணைத்து வைத்திருக்கின்றன. அஃது எங்ஙனம்?

பிணைப்பு என்பது இரண்டு அணுக்கள் ஓரிணை எதிர்மின்னிகளைப் பொதுவில் வைத்துக்கொள்வதே என்று 1916-இல் அமெரிக்க அறிஞர் இலூயிசு கூறினார். எதிர்மின்னிகட்குத் தற்சுழற்சி எனப்படும் ஒரு பண்பு உண்டு. அஃது இருவகையே ஆகும். முற்றும் ஒத்த நிலையில் இரண்டு எதிர்மின்னிகள் இருத்தல் ஒல்லாது என்று 1925-இல் பவுலி நிறுவினார். ஆகவே ஓரிடத்தில் இரண்டு அமர வேண்டுமாயின், அவற்றின் தற்சுழற்சி மாறுபட்டிருத்தல் வேண்டும். மூன்றாவதற்கு அங்கு இடமில்லை. இணையாய் அமர்ந்தவை இரண்டு அணுக்கருக்களுக்கும் இடையே செறிகையில், இரு கருக்களாலும் ஒருங்கே ஈர்க்கப்படுகின்றன. அவ்வீர்ப்பால் விளையும் ஆதாயம் தள்ளுதலால் விளையும் இழப்பினும் மிகுகிறது. நீரகத்தின் இரண்டு அணுக்கள் இவ்வாறே பிணைகின்றன என்பதை 1927-இல் ஐட்லரும் பிரிட்சு இலண்டனும் கணக்கிட்டுக் காட்டினர். எதிர்மின்னிக்கு அன்பும் இல்லை, பகையும் இல்லை. ஈர்ப்பும் தள்ளலும் சேர்ந்த கூட்டுக் கணக்கே மூலக்கூறு.

அக்கணக்கு எளியதன்று. இரண்டே எதிர்மின்னிகள் உடைய ஈலிய அணுவுக்கே அடைவான முற்றுத் தீர்வு தரும் வாய்பாடு இல்லை. நெருங்கிய மதிப்பே காண இயலும். ஏனெனில் ஒன்று நகர்ந்தால் மற்றதும் விலகுகிறது. அது விலகினால் முன்னதன் வழியும் மாறுகிறது. எதிர்மின்னி ஒவ்வொன்றையும் தனித்தனியே தொடர வேண்டா, எவ்விடத்தில் எவ்வளவு செறிந்துள்ளன என்பதை அறிந்தாலே அடித்தள ஆற்றலை அறியப் போதும் என்று 1964-இல் ஓகன்பெர்க்கு, கோன் என்னும் இருவர் மெய்ப்பித்தனர். கோனுக்கு 1998-இல் வேதியலுக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பெருமூலக்கூறுகளையும் கணிப்பொறியால் ஆராய்தற்கு அதுவே வழிதிறந்தது.

இனி மஞ்சளுக்கு வருக. மஞ்சளின் நிறப்பொருளை 1815-இல் வோகல், பெல்லித்தியே என்னும் இருவர் பிரித்தெடுத்தனர். அதன் கட்டமைப்பை 1910-இல் போலந்து மரபினரான கொசுத்தானெக்கி, இலாம்பே உள்ளிட்ட மூவர் கண்டனர். வேற்றுமொழியினர் அதனைக் குர்குமின் என்பர்; ஈண்டு மஞ்சளியம் எனலாம். அதன் ஒரு மூலக்கூற்றில் கரிம அணுக்கள் 21, நீரக அணுக்கள் 20, உயிரக அணுக்கள் 6. எதிர்மின்னிகளை எண்ணினால் 194. இரு முனையிலும் கரிமத்தாலான ஒவ்வோர் அறுகோண வளையம். இரண்டையும் இணைப்பது ஏழு கரிமங்கள் கோத்த தொடர்.

கரிமம் நான்கு பிணைப்புகள் கொள்ளும். இரண்டு கரிமங்களுக்கிடையே ஓரிணை எதிர்மின்னிகள் இருப்பின் ஒற்றைப் பிணைப்பு. ஈரிணை இருப்பின் இரட்டைப் பிணைப்பு. இரட்டையில் முதலிணை இரு கருக்களின் நடுவே இறுகக் கட்டுண்டிருக்கும். இரண்டாம் இணையோ மூலக்கூற்றுத் தளத்தின் மேலும் கீழுமாகத் தளர்ந்து படர்ந்திருக்கும். ஒன்றுவிட்டு ஒன்றாக இரட்டைப் பிணைப்புகள் தொடர்ந்து வருமாயின், அத்தளர்ந்த எதிர்மின்னிகள் ஒரு பிணைப்புக்குள் அடங்கி நில்லா; தொடர் முழுவதும் பரவும்.

இதற்குச் சான்று பென்சீன் வளையம். ஆறு கரிமங்கள் வளையமாய் அமைந்து, அவற்றினிடையே ஒற்றையும் இரட்டையும் மாறிமாறி வருவதாக 1865-இல் செருமானிய அறிஞர் கெக்குலே கூறினார். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கி அதில் ஒன்றை நுண்கூறு என வைத்துக்கொண்டால், கரிமங்களின் ஒற்றைப் பிணைப்பு 0.154 நுண்கூறும், இரட்டைப் பிணைப்பு 0.134 நுண்கூறும் நீளம் உடையன. பென்சீனிலோ ஆறு பிணைப்புகளும் ஒரே நீளம், ஏறத்தாழ 0.140 நுண்கூறு. அவ்வளையம் தட்டையான ஒழுங்கு அறுகோணம் என்பதை 1929-இல் ஊடுகதிர் ஆய்வால் உறுதி செய்தவர் கேத்தலின் இலான்சுடேல் என்னும் பெண்மணியார். ஒற்றையுமில்லை, இரட்டையுமில்லை, ஆறு எதிர்மின்னிகளும் ஆறு கரிமங்களுக்கும் பொதுவுடைமை.

நிறம் பிறப்பது இப்பரவலால்தான். மூலக்கூற்றில் எதிர்மின்னிகள் படிப்படியான ஆற்றல் நிலைகளில் அமர்ந்துள்ளன. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற வேண்டுமாயின், அவ்விடைவெளிக்கு நிகரான ஆற்றலுடைய ஒளியை விழுங்க வேண்டும். எதிர்மின்னி பரவும் வழி நீள நீளப் படிகளின் இடைவெளி குறையும். குறைந்த ஆற்றலுடைய, அலைநீளம் மிகுந்த ஒளியே போதுமாகும். ஒரேயோர் இரட்டைப் பிணைப்புடைய எத்திலீன் 170 நுண்கூற்றை ஒட்டிய அலைநீள ஒளியை விழுங்கும். அது கண்ணுக்குப் புலப்படா ஒளி. ஆதலின் எத்திலீனுக்கு நிறமில்லை. இரண்டு இரட்டைப் பிணைப்புகள் தொடர்ந்த பியூட்டாடையீன் 217 நுண்கூற்றொளியை விழுங்கும், அதுவும் நிறமற்றது. செம்மஞ்சள் முள்ளங்கியின் நிறப்பொருளிலோ பதினோர் இரட்டைப் பிணைப்புகள் தொடர்கின்றன. அது 450 நுண்கூற்றை ஒட்டிய நீல ஒளியை விழுங்கிச் செம்மஞ்சளாய்த் தோன்றுகிறது. மஞ்சளியம் 425 நுண்கூற்றை ஒட்டிய ஊதாநீல ஒளியை விழுங்குகிறது. எஞ்சிய ஒளி கண்ணை அடைகிறது. அதனையே மஞ்சள் நிறம் என்கின்றனர்.

இப்போது சுண்ணாம்பை இடுக. சுண்ணாம்பு நீரில் கரைகையில், நீரகமும் உயிரகமும் இணைந்த, எதிர்மின் ஏற்றம் கொண்ட துகள்களை வெளிவிடுகிறது. அவை நேர்மின்னியைப் பறிப்பதில் வல்லன. மஞ்சளியத்தின் உயிரக அணுக்களை ஒட்டியிருக்கும் நீரகத்தின் கரு ஒரே ஒரு நேர்மின்னி, அதனைப் பறித்துக்கொள்கின்றன. பறிபோனது கரு மட்டுமே. அதனைப் பிணைத்திருந்த ஈர் எதிர்மின்னிகளும் உயிரகத்திடமே தங்கிவிடுகின்றன. கட்டி வைத்திருந்த கரு போய்விட்டமையால் அவை முன்னினும் தளர்கின்றன. ஏனையவற்றால் தள்ளப்பட்டு, வளையத்தினூடும் தொடரினூடும் பரவுகின்றன. படிகளின் இடைவெளி சுருங்குகிறது. விழுங்கப்படும் ஒளி ஊதாநீலத்திலிருந்து நீலப்பச்சைப் பக்கம் நகர்கிறது. நீர் சிவக்கிறது! சிவந்த நீரில் உடனே எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் சாற்றின் புளிமம் நேர்மின்னியைத் திருப்பித் தரும். மஞ்சள் நிறம் மீளும். வழலையும் காரத்தன்மை உடையது. கறை சிவப்பதன் கரணியமும் அதுவே.

வெயிலில் மங்குவது வேறு கதை. ஒளியை விழுங்கி மேற்படிக்கு ஏறிய எதிர்மின்னி மூலக்கூற்றை நிலைகுலையச் செய்கிறது. அந்நிலையில் அது காற்றின் உயிரகத்தோடு வினைபுரிந்து, நடுத்தொடர் அறுந்து, சிறு கூறுகளாய்ச் சிதைகிறது. எதிர்மின்னிகள் பரவிய நெடுவழி துண்டாயிற்று, துண்டுகள் கண்ணுக்குப் புலப்படா ஒளியை மட்டுமே விழுங்கும், கறை மறைந்தது. நேர்மின்னி பறிபோனால் மீட்கலாம். தொடர் அறுந்தால் மீளாது. எலுமிச்சையால் திரும்பும் நிறம், வெயிலில் போனபின் திரும்பாமையின் உண்மை இதுவே.

இதே நெறி அடுக்களையோடு நின்றுவிடவில்லை. தொடரை மேலும் மேலும் நீட்டினால் என்னாகும்? அசெட்டிலீன் வளியின் மூலக்கூறுகளைக் கோத்து நெடுந்தொடராக்கிய ஞெகிழி ஒன்று உண்டு. அதில் ஒற்றையும் இரட்டையும் மாறிமாறி வரினும், மின்னை அது நன்கு கடத்துவதில்லை. 1977-இல் சப்பானியர் சிராக்காவா, மக்டயர்மிடு, ஈகர் ஆகியோர் அதனை அயோடின் போன்ற பொருள்களின் ஆவியில் வைத்தனர். அவை தொடரிலிருந்து சில எதிர்மின்னிகளைக் கவர்ந்தன. வெற்றிடம் பிறந்தவுடன் எஞ்சியவை நகர்வதற்கு வழி கிடைத்தது. கடத்துதிறன் பல இலக்கம் மடங்கு உயர்ந்தது. மின்னைத் தடுப்பது என்று கருதப்பட்ட ஞெகிழி, மாழைபோல் மின்னைக் கடத்தலாயிற்று. மூவர்க்கும் 2000-இல் வேதியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

பெருமக்களே! இத்துணையும் தமிழில் சொல்ல முடிந்தது. முடியும் என்பது இன்று தோன்றிய செய்தியும் அன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே புகட்டிய அமெரிக்க மருத்துவர் கிரீன் அவர்களின் முயற்சியால், 1875-இல் 'கெமிசுதம்' என்னும் வேதியல் நூல் தமிழில் வெளிவந்தது. எதிர்மின்னி கண்டறியப்படுமுன் 22 ஆண்டுகள்! அந்நூலின் பெயர் தமிழன்று என்பது மெய். எனினும் பொருளை விளக்கும் துணிவு அதில் இருந்தது. இன்றோ பெயரைத் தூய தமிழில் சமைத்துவிட்டுப் பொருளை விளக்காது விடுவோர் பெருகிவிட்டனர். எதிர்மின்னி என்று எழுதக் கற்றவன், அது மஞ்சளில் என்ன செய்கிறது என்பதைச் சொல்லத் தெரியாது நிற்பானாயின், அச்சொல்லும் எலக்ட்ரான் போன்று வெற்றொலியே. கலைச்சொல் பட்டியல் கதவு. கதவைச் செய்து நிறுத்திவிட்டு வீடு கட்டாதவன் மழையில் நனைவான்.

தூய தமிழ் என்பது அகராதிக்குள் அடைத்துக் காக்கும் பொருளன்று. பொருளை அறிந்து, அறிந்ததைத் தமிழில் சொல்லி, சொன்னதைப் பிள்ளைகள் தாமே செய்து பார்க்கும்போதே அது வாழும். ஆலத்தித் தட்டைக் கையிலேந்தும் தாய், "நீர் ஏன் சிவந்தது?" என்று கேட்கும் பிள்ளைக்கு எதிர்மின்னியின் கதையைத் தன் மொழியில் சொல்லும் நாள் வர வேண்டும். அந்நாளை வருவிக்கும் கடமை இயக்கத்தார் ஒவ்வொருவர்க்கும் உண்டு. ஒரு சொல்லை ஆக்கும்போதே அச்சொல் குறிக்கும் பொருளையும் ஒருவர்க்கேனும் விளக்குக!

வெல்க தமிழ்! வளர்க தமிழ் அறிவியல்!