உழைக்கும் பெற்றோரும் ஓராண்டு வாசிப்பும்
(ஜொகூர் வட்டாரத் தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

ஆண்டு முடிகிறது. வரவு செலவுக் கணக்குப் பார்க்கும் வேளை இது. கடைக் கணக்கும் பள்ளிக்கூடக் கணக்கும் நாம் பார்த்தாகிவிட்டது. இன்னொரு கணக்கையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். சென்ற சனவரியில் நம்மில் சில குடும்பத்தார் கூடி, ஆண்டுக்குள் வீட்டுக்கு 12 புத்தகம் படித்து முடிப்பது என்று தீர்மானித்தோம். இன்று எண்ணிப் பார்த்தால், நம் வீட்டுக் கணக்கில் 9 முடிந்திருக்கிறது, 3 நிற்கிறது. இந்த ஒன்பதும் எப்படி முடிந்தன என்பதைச் சொல்வதே நம் நோக்கம்.

"பிள்ளைகளை வைத்துக்கொண்டு படிக்க ஏது நேரம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பால்மரம் வெட்டுகிறவர் விடியுமுன் எழ வேண்டும். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவருக்கு மாலையில் கை தூக்க முடியாது. தோட்டத்தை விட்டு மாசாய்க்கும் ஸ்கூடாய்க்கும் குடிபோனவர்களில் பலர் இருட்டோடு புறப்பட்டுப் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். தாய்மாருக்கோ வேலை முடிந்து வந்தபின் அடுப்பங்கரையில் இரண்டாவது வேலை காத்திருக்கிறது. அப்படியானால் படிப்பு யாருக்கு? ஓய்ந்திருப்பவருக்கு மட்டுந்தானா?

அல்ல, தோழர்களே! ஓய்வு நேரம் என்பது யாரும் நமக்குத் தானமாகத் தந்ததல்ல. எட்டு மணி நேர வேலை கேட்டு 1886-இல் சிக்காகோ தொழிலாளர் போராடினர். 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார். எட்டு மணி உழைப்பு, எட்டு மணி உறக்கம், எட்டு மணி நம் சொந்த வாழ்வுக்கு என்பதே அந்தக் கோரிக்கையின் பொருள். நம் நாட்டிலும் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 சனவரி முதல் நாளிலிருந்து வாரத்திற்கு 48 மணி என்றிருந்த வேலை நேர வரம்பு 45 மணியாகக் குறைந்தது. வாரம் 3 மணி என்றால் ஆண்டுக்கு 156 மணி. அந்த நேரம் எங்கே போயிற்று என்று நம்மை நாமே கேட்க வேண்டாமா?

மூன்றையும் புத்தகத்துக்குக் கொடுங்கள் என்று சொல்லவில்லை. உடம்புக்கு ஒன்று, உறவுக்கு ஒன்று. மீதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 20 பக்கம் நிதானமாகப் படித்தாலும் ஆண்டுக்கு 1,040 பக்கம் ஆகிறது. 200 பக்கப் புத்தகம் ஐந்து முடிந்துவிடும். மேலும் நான்கு புத்தகம் நமக்கு எப்படிக் கிடைத்தது? பேருந்துக்கு நின்ற நேரத்தில், சோறு கொதிக்கும் நேரத்தில், பிள்ளை உறங்குமுன் கிடைத்த கால் மணியில்.

மரம் வெட்டத் தெரிந்தவருக்கு இது புதிதல்ல. பேராசைப்பட்டு ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும்; பட்டை மறுபடி சரியாக வளராது. சன்னமாகச் சீவி, ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால் அதே மரம் ஆண்டுக்கணக்கில் பால் கொடுக்கும். படிப்பும் அவ்வாறே. ஒரே இரவில் நூறு பக்கம் படித்துவிட்டுப் பத்து நாள் மறந்திருப்பதைவிட, நாளுக்கு நான்கு பக்கம் மேல். திருக்குறளை மு.வரதராசனார் தெளிவுரையோடு வாரம் மூன்று அதிகாரமாக எடுத்தோம். 133 அதிகாரமும் 45 வாரத்தில் முடிந்தன. தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் பள்ளித் திறப்புக்கும் விட்டுவிட்டாலும் ஆண்டில் இடமிருந்தது.

இன்னொன்று: வாய்விட்டுப் படித்தோம். இது நம் தோட்டங்களின் பழைய வழக்கம். எழுத்தறிந்த ஒருவர் பத்திரிகையைப் படிக்க, லயத்து வாசலில் சுற்றி உட்கார்ந்து பத்துப் பேர் கேட்ட காலம் உண்டு. கேட்டவர்களும் உலகச் செய்தி அறிந்தார்கள். சங்கச் செய்தியும் அறிந்தார்கள். கியூபா நாட்டின் ஹவானா நகரிலும் 1865-இல் சுருட்டுத் தொழிலாளர் இதைச் செய்தனர். ஒருவர் உரக்க வாசிப்பார். மற்றவர் சுருட்டுச் சுற்றியபடி கேட்பர். வாசிப்பவருக்குக் கூலி முதலாளி கொடுக்கவில்லை. தொழிலாளரே தங்கள் சம்பளத்தில் பிடித்துக் கொடுத்தார்கள். மறு ஆண்டே அரசு அதைத் தடை செய்தது. கேட்டறிந்த தொழிலாளி கேள்வி கேட்பான் என்ற அச்சந்தான் காரணம். பின்னர் அவ்வழக்கம் மீண்டும் உயிர்பெற்றது.

வாய்விட்டுப் படித்ததால் நம் வீட்டில் என்ன நடந்தது? அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' படித்தபோது, அடுக்குமாடியில் பிறந்த பிள்ளை, "பெரட்டு என்றால் என்ன? ஆயாக்கொட்டகை எங்கே இருந்தது?" என்று கேட்டது. அ.ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' படித்தபோது வீடே அமைதியானது. 1942-க்கும் 1943-க்கும் இடையில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் ஆயிரமாயிரமாய் அங்கே மாண்டார்கள். "நம் ஊரிலிருந்தும் போனார்களா?" என்று பிள்ளை கேட்டது. பாட்டி அதுவரை சொல்லாத பெயர்களை அன்று சொன்னார். தோட்டங்கள் மறைந்து வீடமைப்புத் திட்டங்கள் எழும் இந்நாளில், அந்தப் பெயர்களை யார் காப்பாற்றப் போகிறார்கள்? பாட்டி போனபின் எவரிடம் கேட்பது?

நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் 'நிலாம்' வாசிப்புத் திட்டம் இருக்கிறது. படித்த நூல்களைப் பதிவு செய்கிறார்கள். 2021 முதல் 2030 வரை நாடே வாசிப்புப் பத்தாண்டு என்று அறிவித்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் பெற்றோர் கையில் புத்தகத்தைப் பார்க்காத பிள்ளைக்குப் பதிவேடு ஒரு வீட்டுப்பாடம். பார்த்த பிள்ளைக்கு அது குடும்பப் பழக்கம்.

ஆகவே வரும் ஆண்டிற்கு மூன்று யோசனை சொல்கிறோம். முதலாவது, எண்ணிக்கையோடு நேரத்தையும் குறித்துவையுங்கள். வாரத்தில் ஒரு மணி, எந்த நாள், எந்த வேளை என்று. இரண்டாவது, அதில் பாதியை வாய்விட்டுப் படியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். மூன்றாவது, விலை கொடுத்து வாங்க முடியாதவர் கூட்டாக வாங்குங்கள். 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூலகம் ஏற்றி ஊர் ஊராய்க் கொண்டுபோனார்கள். நமக்கு வண்டிகூட வேண்டாம். பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு பெட்டி. வீட்டுக்கு ஒரு புத்தகம். மாதம் ஒருமுறை கை மாறினால் பத்து மாதத்தில் பத்துப் புத்தகம் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்துபோகும்.

கூலி உயர்வுக்குக் கூட்டம் சேர்கிறோம். வேலை நேரம் குறையவும் கூட்டம் சேர்ந்தோம். குறைந்த நேரத்தில் அறிவு வளரவில்லையென்றால் வெற்றி பாதிதான். மீதி மூன்று புத்தகமும் நம் மேசைமேல் இருக்கின்றன; தைக்குள் தொடங்குவோம். நீங்களும் தொடங்குங்கள்.