போர்டு எழுதுகிற வேலை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ரோபோ கம்பெனியில் நீ என்னதான் பண்றே?" என்று என் மாமா கேட்டார். ஃப்ரண்ட் எண்ட் என்ஜினியர் என்றேன். விளங்கவில்லை. ரோபோவுக்குப் பக்கத்தில் ஒரு தொடுதிரை இருக்கும், அதில் தெரிவதெல்லாம் என் பொறுப்பு என்றேன். "பஸ்ஸுக்குப் போர்டு எழுதற வேலைன்னு சொல்லு!" என்றார். சரிதான். போர்டு தப்பானால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு வெல்டிங் ரோபோவுக்குத் திரை செய்து கொடுத்தோம். ஒரு நாள் ஆபரேட்டர் அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, உங்க போர்டு நிக்குதுன்னு சொல்லுது. உள்ளே கை ஆடிக்கிட்டிருக்கே!" போய்ப் பார்த்தால், கம்பி வேலிக்குள் பொறி பறக்கிறது. ஒரு பாகம் முடிந்து ரோபோ நின்ற நேரத்தில் நெட்வொர்க் கேபிள் கழன்றிருக்கிறது. திரை கடைசியாக வந்த செய்தியையே பிடித்துக்கொண்டிருந்தது. புதிதாக ஒன்றும் வராவிட்டால் என்ன செய்வது என்று நான் எழுதவே இல்லை.

யாருக்கும் அடிபடவில்லை. வேலிக் கதவைத் திறந்தால் ரோபோ நின்றுவிடும். காளான் மாதிரி இருக்கும் சிவப்பு எமர்ஜென்சி பட்டனும் தனி ஒயரிங். என் சாஃப்ட்வேரை நம்பி இல்லை. அப்படி வைத்த புண்ணியவான்களுக்குக் கும்பிடு. ஆனாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

ரோபோவுக்கு வேலை கற்றுக்கொடுக்கும் 'டீச் பெண்டன்ட்' என்ற கைப்பெட்டியில் ஒரு சுவிட்ச் உண்டு. பாதி அழுத்திப் பிடித்தால்தான் ரோபோ நகரும். விட்டாலும் நிற்கும், இறுக்கி நசுக்கினாலும் நிற்கும். பயந்துபோன மனுஷன் கையை விடுவானா, இறுக்குவானா, யாருக்குத் தெரியும்? அந்த நேரத்தில் வேகமும் விநாடிக்கு 250 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. சுவிட்ச் செய்தவன் இவ்வளவு யோசித்திருக்கிறான். நான் யோசித்ததெல்லாம் பட்டனுக்கு என்ன கலர் என்பதுதான்!

மாற்றி எழுதினேன். ரோபோ கன்ட்ரோலர் நொடிக்கு நொடி ஓர் எண்ணை மாற்றி அனுப்பும். இரண்டு நொடி அது மாறாவிட்டால் திரை முழுக்கச் சாம்பல் நிறமாகி, 'தகவல் வரவில்லை' என்று பெரிசாகக் காட்டும். மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. "கஸ்டமர் வந்து பார்க்கறப்போ திரை செத்துக் கிடந்தா மானம் போகும். ஓரத்துல சின்னதா ஒரு புள்ளி போடு." மூன்று வாரம் இழுபறி. இன்க்ரிமெண்ட் சமயம் வேறு!

கடைசியில் அவரை ஷாப் ஃப்ளோருக்கு அழைத்துப்போய், ரோபோவுக்கு முதுகு காட்டி நிற்க வைத்து, அது நின்ற நேரம் பார்த்துக் கேபிளைக் கழற்றினேன். அங்கே இருக்கும் இரைச்சலில் எது எந்த மெஷின் சத்தம் என்றே தெரியாது. கொஞ்ச நேரம் விட்டு, "சார், இப்ப ஓடுதா, நிக்குதா?" என்றேன். திரையைப் பார்த்து, "நிக்குது" என்றார்.

"திரும்பிப் பாருங்க சார்."

அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அனுமதி வந்தது.

புதுத் திரை வைத்த அன்று ஆபரேட்டர் அண்ணன் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கேபிளைத் தானே உருவினார். "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணினார். திரை சாம்பலானது. கேபிளைத் திரும்பச் சொருகிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.