எடிட்டிங் கற்றோம், பொறுப்பையும் கற்றோம்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் வீடியோ குழு உறுப்பினர்கள் பேசியது)



ஓவியமும் சிற்பமும் சொல்லித்தரும் ஒரு கல்லூரியின் மல்டிமீடியா பிரிவில், ஆடியோ, வீடியோ எடிட்டிங் பயிற்சிக்கு நாங்கள் ஐந்து பேர் 10 நாள் போய் வந்தோம். போகும்போது, "பத்தாவது தாண்டாத நமக்கு கம்ப்யூட்டர் பிடிபடுமா?" என்று பயம்தான். முதல் நாளே பயிற்சி தந்த ஆசிரியை ஒரு செய்தி சொன்னார். 1984-லேயே குஜராத்தில் அகமதாபாத் நகரத்தில், சேவா என்ற பெண்கள் தொழிற்சங்கத்து உறுப்பினர்கள் வீடியோ எடுக்கக் கற்றுக்கொண்டார்களாம். அவர்களில் காய்கறி விற்கிறவர்களும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். அதைக் கேட்டதும் எங்களுக்கும் தைரியம் வந்தது.

முதலில் காதைப் பழக்கினார்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். அதனால் பேட்டி எடுக்கும்போது மின்விசிறியை நிறுத்தணும். மைக் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கணும். பேசி முடித்த பிறகு, யாரும் வாய் திறக்காமல் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் அரை நிமிடம் பதிவு செய்யணும். "இது எதுக்கு?" என்று சிரித்தோம். பேச்சை வெட்டிய இடத்தை வெறுமனே விட்டால், நடக்கும்போது குழியில் கால் விழுந்த மாதிரி காதுக்குத் தெரியும். அந்த அரை நிமிடத்தில் இருந்து ஒரு துண்டு எடுத்துப் போட்டால் குழி மூடிவிடும். இந்த வேலைக்கு ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரே போதும்.

வீடியோவிலும் இப்படித்தான். பேச்சை வெட்டினால் முகம் திடுக்கென்று குதிக்கும். அந்த இடத்தில் கூடை பின்னும் கையையோ, அடுப்பையோ காட்டினால் வெட்டினது தெரியாது.

ஊர் திரும்பிய அன்றைக்கே ஒரு அடி வாங்கினோம். செய்த வேலையை பென் டிரைவில் கொண்டுவந்து கூட்டமைப்பு அலுவலகத்தில் திறந்தால் படமே இல்லை! நாங்கள் கொண்டுவந்தது ப்ராஜெக்ட் ஃபைல் மட்டும். எந்தத் துண்டு எங்கே வரணும் என்ற கணக்கு மட்டும்தான் அதில் இருக்கும், வீடியோ இருக்காது. கணக்கு நோட்டைக் கொண்டுவந்து பணப்பெட்டியை விட்டுவந்த கதைதான்.

இரண்டாவது தவறு அப்படிச் சிரித்துவிட்டுப் போகிற மாதிரி இல்லை. ஆடு வளர்க்கும் ஒரு அக்கா எங்களிடம் இப்படிப் பேசினார்: "மூணு மாசம் தவணை கட்ட முடியல. வீட்டுக்காரருக்கு ஆபரேஷன். குழுவுல எல்லாரும் சேர்ந்து அவகாசம் கொடுத்தாங்க. அப்புறம் ஒரு ரூபா பாக்கி இல்லாம கட்டிட்டேன்."

நீளமாக இருக்கிறது என்று ஆபரேஷனையும் கடைசி வரியையும் வெட்டினோம். வெட்டின இடத்தில் ஆடு மேய்வதை வைத்தோம். அழகாக இருந்தது. ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்தில் போட்டுக் காட்டினோம். எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா மட்டும் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் வீட்டுக்குப் போனோம். "நான் சொல்லாத வார்த்தை ஒண்ணு கூட நீங்க போடல. ஆனா ஊருக்கு முன்னால நான் கடன் கட்டாதவளா ஆயிட்டேன்" என்றார். எங்களால் பதில் பேச முடியவில்லை.

பயிற்சியில் கேட்ட ஒரு பாடம் அப்போதுதான் உறைத்தது. சுமார் 100 வருடங்களுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர், ஒரு நடிகரின் முகத்தை சூப் தட்டுக்கு அடுத்து ஒரு தடவையும் சவப்பெட்டிக்கு அடுத்து ஒரு தடவையும் காட்டினாராம். பார்த்தவர்களுக்கு முதலில் பசி தெரிந்தது, அப்புறம் துக்கம் தெரிந்தது. இரண்டு தடவையும் அதே முகம்தான். பக்கத்தில் வைத்ததுதான் மாறியது. அக்காவின் பேச்சை நாங்களும் அப்படித்தான் மாற்றிவிட்டோம்.

நல்ல வேளை, மூலப் பதிவை அழிக்கவில்லை. அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்தே மறுபடியும் எடிட் செய்தோம். படம் 20 விநாடி கூடியது, அவ்வளவுதான். அடுத்த கூட்டத்தில் அதே ஜனங்களுக்கு முன்னால் போட்டு, எங்கள் தவறையும் சொன்னோம்.

அதற்குப் பிறகு எங்கள் குழுவில் போட்ட தீர்மானங்கள்:

1. பேசியவர் பார்த்து "சரி" சொல்லாமல் எந்தப் படமும் வெளியே போகாது. வாட்ஸ்அப்பிலும் போகாது.

2. ஒருவர் தன் கஷ்டத்தைச் சொன்னால், அதன் காரணத்தையும் அவர் மீண்ட விதத்தையும் வெட்டமாட்டோம்.

3. மூலப் பதிவு இரண்டு இடத்தில் பத்திரமாக இருக்கும். ப்ராஜெக்ட் ஃபைலும் வீடியோவும் ஒரே ஃபோல்டரில் இருக்கும்.

சகோதரிகளே, குழுக் கணக்கை எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டிய பிறகுதானே கையெழுத்து போடுகிறோம்? ஒருவருடைய பேச்சுக்கும் அதே மரியாதை வேண்டும். கற்றுக்கொள்ள விருப்பம் உள்ளவர்கள் வாருங்கள். கையில் இருக்கும் மொபைலிலேயே ஆரம்பிக்கலாம். எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லித்தருகிறோம்.