கத்தி போட்ட வழியைப் புகை அடைக்கலாமா?

(மலாக்கா மாநிலத் தோட்டம் ஒன்றின் கிளைக் கூட்டத்தில் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், வீட்டு வசதி என்று பேசிப் பழகிய இந்த மேடையில் இன்று சிகரெட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது சங்கத்தின் வேலையா என்று சிலர் கேட்கலாம். இருதய அறுவை சிகிச்சை முடிந்து நம் தோழர் ஒருவர் லயத்துக்குத் திரும்புகிறார். அவர் மறுபடி நல்லபடியாக நிரைக்குப் போவதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஆகவே இது சங்கத்தின் வேலைதான்.

அந்தச் சிகிச்சை என்ன? இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொண்டால், காலிலிருந்தோ மார்பிலிருந்தோ வேறொரு குழாயை எடுத்து, அடைப்பைத் தாண்டிப் புதுவழி போட்டுத் தைக்கிறார்கள். இதையே 'பைபாஸ்' என்கிறோம். 1967இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையில், ரெனே ஃபவலோரோ என்னும் அர்ஜென்டினா நாட்டு மருத்துவர் காலின் இரத்தக் குழாயைக் கொண்டு இம்முறையை நிலைநாட்டினார். நம் நாட்டிலோ, 1992இல் கோலாலம்பூரில் தொடங்கிய தேசிய இருதயக் கழகத்தில் இன்று இது வழக்கமான சிகிச்சை.

ஆனால் கத்தி புதுவழி போடுமே தவிர, அடைப்பு உண்டான காரணத்தை அறுத்தெறியாது. பாலில் ஆசிட்டை ஊற்றினால் என்ன ஆகிறது? உறைந்து கட்டியாகிறது. புகையும் அப்படித்தான், இரத்தத்தை எளிதில் உறையச் செய்கிறது. குழாயின் உட்சுவரையும் புண்ணாக்குகிறது. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு, இரத்தத்தில் பிராணவாயு ஏறவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நிகோட்டின் நாடித்துடிப்பை ஏற்றுகிறது. தைத்துவைத்த புதுக்குழாய்க்கும் இதே கதிதான். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்டால் கெடாமல் இருக்கும், விலை போகும். மனிதன் நெஞ்சுக்குப் புகை போட்டால் உயிரல்லவா போகும்!

வெறும் பேச்சல்ல, கணக்கும் உண்டு. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில், 1971 முதல் 1980 வரை பைபாஸ் செய்துகொண்டவர்களை ஏறத்தாழ 20 ஆண்டுகள் கவனித்து, 2000இல் முடிவை வெளியிட்டார்கள். சிகிச்சைக்குப் பிறகும் புகைத்தவர்களுக்குச் சாவு அபாயம், நிறுத்தியவர்களைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு. மறு சிகிச்சையும் அவர்களுக்கே அதிகம் தேவைப்பட்டது.

பிளந்த மார்பெலும்பு கூட 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை பால்வாளி தூக்கலாகாது. மருத்துவர் உத்தரவின்றி மரம் வெட்டவும் போகலாகாது. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமவேண்டும். அந்த நெஞ்சுக்குப் புகை தகுமா? சளி மிகும்; புண் ஆறத் தாமதமாகும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. நிகோட்டின் ஏக்கம் முதல் சில நாட்களில்தான் கடுமை. 2 முதல் 4 வாரத்தில் பெரிதும் தணிந்துவிடும். அந்தக் கடுமையான நாட்கள் மருத்துவமனைக் கட்டிலிலேயே கழிந்துவிடுகின்றன. பிறகு வீட்டுக்கு வந்தவர் ஏன் மறுபடி பற்றவைக்கிறார்? நாம் நீட்டுவதால்!

வேலையில்லாமல் அவருக்குப் பொழுது போகவில்லை. பெரட்டு நேரத்துக்கு விழிப்பு மட்டும் வந்துவிடுகிறது. மாலையில் நலம் விசாரிக்கப் போகிறோம். வாசலில் உட்கார்ந்து பற்றவைக்கிறோம். "அண்ணே, ஒன்னே ஒன்னு இழுங்க, ஒன்னும் ஆவாது" என்கிறோம். இதுவா அன்பு? நீட்டாவிட்டாலும், நாம் விடும் புகையே அவர் நெஞ்சுக்குள் போகிறதே!

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, அவர் வீட்டில் புகைக்காதீர்கள், அவரிடம் நீட்டாதீர்கள். நம் மாநிலத்தில் மலாக்கா நகரின் பாரம்பரியப் பகுதி, அலோர் காஜா, ஜாசின் முதலிய இடங்கள் 2011இலேயே புகையற்ற பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. 2019 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் சாப்பாட்டுக் கடைகளில் தடை வந்தது. அங்கே சட்டம் காவல் நிற்கிறது. லயத்து வாசலில் நாம்தான் காவல்.

இரண்டாவது, அவரைத் தனியே போராட விடாதீர்கள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் புகையை நிறுத்த உதவி உண்டு. சுகாதார அமைச்சின் 'ஜோம் குயிட்' சேவையும் உண்டு. மருந்தோ நிகோட்டின் மெல்லும் பசையோ, மருத்துவரைக் கேட்டே எடுக்கவேண்டும். 'வேப்' இழுத்தால் பரவாயில்லை என்று யாரும் எண்ணவேண்டாம். அதிலும் பெரும்பாலும் நிகோட்டின்தான். கிளினிக்குக்குப் போக வண்டி இல்லாதவருக்கு மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் உதவலாம்.

மூன்றாவது, "எப்போது வேலைக்கு வருவாய்?" என்று அவரை அரிக்காதீர்கள். கவலை மிஞ்சினால் கை சிகரெட்டைத் தேடும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, மருத்துவமனைச் சிகிச்சைக்கு ஆண்டுக்கு 60 நாள்வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு. கிராணிமார்களே, இதை எடுத்துச் சொல்லி, கடிதங்களை எழுதிக்கொடுப்பது நம் கடமை.

இடையில் மனம் தளர்ந்து அவர் ஒன்று இழுத்துவிட்டால் ஏசாதீர்கள். மழையால் ஒருநாள் வெட்டு நின்றால் தோட்டத்தையே மூடிவிடுகிறோமா? மறுநாள் கத்தியைத் தீட்டிக்கொண்டு போகிறோம் அல்லவா?

பணக் கணக்கையும் பாருங்கள். நாளுக்கு 12 வெள்ளி புகைக்குப் போனால் மாதம் 360 வெள்ளி. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. போராடி வாங்கும் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சாம்பலாகிறது!

புகையை விட்டு ஓராண்டானால், புகையால் கூடிய மாரடைப்பு அபாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. அந்த ஓராண்டை அவர் கடக்க நாம் துணை நிற்போம். இன்று மாலையே அவரைப் பார்க்கப் போவோம். சிகரெட்டுப் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டுப் போவோம்.