மடியிலிருக்கும் குழந்தையும் நியூட்டன் விதியும்

ஓடும் கார் எதிலாவது மோதி நிற்கிறது. உள்ளே இருப்பவரின் உடலோ முன்னோக்கிப் பாய்கிறது. ஏன்? வெளியிலிருந்து ஒரு விசை தடுக்கும்வரை, ஓடும் பொருள் அதே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். 1687-இல் நியூட்டன் வெளியிட்ட முதல் விதி இது. மாணவர்கள் இப்பண்பை நிலைமம் என்று படிக்கிறார்கள்.

இரண்டாம் விதி கணக்குச் சொல்கிறது. மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 10 மீட்டர். அவ்வேகத்தில் செல்லும் 10 கிலோ குழந்தையை 0.1 வினாடியில் நிறுத்த 1,000 நியூட்டன் விசை வேண்டும். ஏறக்குறைய 100 கிலோ மூட்டையைத் தாங்கும் வலு அது. எந்தத் தாயின் கைக்கு அது உண்டு?

மலேசியாவில் 2009 முதல் பின்னிருக்கையிலும் இருக்கை வார் கட்டாயம். 2020 முதல் குழந்தை இருக்கையும் கட்டாயம். பெற்றோர்களே, பிள்ளையை அதில் அமர்த்தியபின் காரை எடுங்கள்.