அட்டன்பரோ: ஊரைச் சுமந்து சென்ற ஒரு பெயர்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தமிழ்ச் சங்க மேடையில் ஆங்கிலேயக் குடும்பப் பெயர் ஒன்றைப் பற்றிப் பேசுவது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் அப்பெயர் நாம் வாழும் இத்தில்லி மாநகர்க்கு அயலானதன்று. 1981ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள், காந்தியடிகளின் இறுதி ஊர்வலம் நடந்து 33 ஆண்டுகள் நிறைந்த அதே நாளில், அந்நாளில் ராஜபாதை எனவும் 2022 முதல் கர்த்தவ்ய பாதை எனவும் வழங்கும் பெருவீதியில், அவ்வூர்வலம் திரைப்படத்துக்காக மீண்டும் நிகழ்த்தப் பெற்றது. ஏறத்தாழ 3 லட்சம் மக்கள் அங்கே திரண்டனர். ‘காந்தி’ என்னும் அப்படத்தை இயக்கியவர் ரிச்சர்ட் அட்டன்பரோ. 1962இல் அவர் நெஞ்சில் விழுந்த வித்து 1982இல் படமாக விளைந்தது. 8 ஆஸ்கார் விருதுகளையும் பெற்றது. அவருடைய தம்பி டேவிட், விலங்குகளையும் பறவைகளையும் காடுகளையும் தொலைக்காட்சி வழியே உலகோர் இல்லங்களுக்குக் கொணர்ந்தவர். இவ்விருவராலும் அட்டன்பரோ என்னும் பெயரைக் கேளாதார் இலர் என்னும் நிலை வந்தது. புகழால் இத்துணை பரந்த பெயர், தாங்குவோர் தொகையால் மிக அரியது. அவ்வருமையின் காரணத்தை ஆராய்ந்தால், ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு அதில் ஒரு செய்தி இருப்பது விளங்கும்.

இங்கிலாந்திலும் முற்காலத்தில் ஒருவர்க்கு ஒரு பெயரே வழங்கிற்று. 1066இல் நார்மானியர் அந்நாட்டைக் கைக்கொண்ட பின்னர், நிலவுடைமையாளரிடையே தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் பெயர் சிறுகச் சிறுக வேரூன்றியது. 1400ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயருள் பெரும்பாலோர் நிலையான குடும்பப் பெயர் பெற்றுவிட்டனர். அப்பெயர்கள் பெரும்பாலும் நால்வகையின: தொழிலால் வந்தவை, தந்தை பெயரால் வந்தவை, தோற்றத்தாலோ குணத்தாலோ வந்தவை, ஊரால் வந்தவை. ஸ்மித் என்றால் கொல்லர். ஊர்தோறும் கொல்லுலை இருந்தமையால், ஒருவரோடொருவர் உறவில்லாத ஸ்மித்துகள் ஊர்தோறும் தோன்றினர்; அப்பெயர் நாடெங்கும் மலிந்தது. சிற்றூரின் பெயரால் அமைந்த குடும்பப் பெயரோ ஒரே ஓர் இடத்தில் பிறப்பது. சிலபோது ஒரே ஒரு மனிதரிடமிருந்து தொடங்குவது.

அட்டன்பரோ அத்தகையது. நாட்டிங்காம் நகருக்குத் தென்மேற்கே, டிரெண்ட் ஆற்றங்கரையில், அப்பெயருடைய சிற்றூர் இன்றும் உளது. இறுதியிலுள்ள ‘பரோ’ என்னும் சொல் அரண் எனப் பொருள்படும். பண்டைக்காலத்து ஒருவனுடைய பெயரோடு அச்சொல் சேர்ந்து ஊர்ப்பெயராயிற்று என்பர்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அவ்வூரில் வாழ்வோர் அனைவரும் அவ்வூராரே. ஆதலின் அங்கே ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிய ஊர்ப்பெயர் உதவாது. ஊரை விட்டு வேற்றூர் சென்று குடியேறியவரையே, ‘அட்டன்பரோவிலிருந்து வந்தவர்’ என்று புதிய அயலார் அழைத்திருப்பர். இதனை நாம் எளிதில் உணரலாம். மதுரையில் இருக்கும்வரை ஒருவரை மதுரைக்காரர் என்று எவரும் சொல்வதில்லை. தில்லிக்கு வந்த பிறகே அவர் மதுரைக்காரர் ஆகிறார். ஊரால் வந்த குடும்பப் பெயர் பெரும்பாலும் புலம்பெயர்ந்தவரின் பெயர். ஊரை விட்டவரே ஊரின் பெயரைச் சுமந்தனர்.

இவ்வாறு பிறந்த பெயர்களுள் சில பெருகுவதும் பல மறைவதும் ஏன்? 1873இல் பிரான்சிஸ் கால்ட்டன் என்னும் அறிஞர் இதனை ஒரு கணக்காக எழுப்பினார். ஹென்றி வாட்சன் என்னும் பாதிரியார் அதனை ஆராய, இருவரும் 1874இல் தம் கட்டுரையை வெளியிட்டனர். பெயர் ஆண்வழியே மட்டும் இறங்குமாயின், ஒரு தலைமுறையில் ஆண்மக்கள் பிறவாத கிளை அத்துடன் முடிகிறது. போரோ, பஞ்சமோ, கொள்ளைநோயோ வாராவிடினும், பெயர்கள் இங்ஙனம் உதிர்ந்துகொண்டே இருக்கும். பலர் தாங்கும் பெயருக்கு இதனால் கேடில்லை. ஒரே வித்திலிருந்து முளைத்த அரிய பெயரோ, சில தலைமுறைகள் தப்பினால்தான் நிலைபெறும்.

அட்டன்பரோ தப்பியது. அதற்குச் சான்று உடலிலேயே கிடைத்தது. ஒய் குரோமோசோம் எனப்படும் மரபுக்கூறு, குடும்பப் பெயரைப் போலவே தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்குவது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டூரி கிங், மார்க் ஜாப்ளிங் என்னும் ஆய்வாளர் இருவர், 40 குடும்பப் பெயர்களைத் தாங்கிய 1,678 ஆடவரை ஆராய்ந்து 2009இல் முடிவை வெளியிட்டனர். ஸ்மித் என்னும் பெயருடையாரிடையே தனிப்பட்ட உறவு எதுவும் புலப்படவில்லை. அட்டன்பரோக்களிலோ, பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் ஒரே வகை ஒய் குரோமோசோமைக் கொண்டிருந்தனர். அவ்வகை பிரித்தானியரிடையே அரிதானது. ஆதலின் இவர்களுள் பெரும்பாலோர் என்றோ வாழ்ந்த ஒரு தந்தையின் வழியினர் என்பது தெளிவு.

எஞ்சிய அந்தப் பத்தில் ஒருவர் யார்? தத்து வந்தவர் வழியினராக இருக்கலாம். தாயின் பெயரைத் தரித்தவர் வழியினராக இருக்கலாம். அவர்களும் அட்டன்பரோக்களே. குருதி ஒன்றே பெயரைக் காப்பதில்லை.

இவ்வுண்மைக்கு அக்குடும்பமே சான்று. ரிச்சர்டுக்கும் டேவிடுக்கும் தந்தையார் பிரெடரிக் அட்டன்பரோ. அவர் பிறந்த ஸ்டேபிள்போர்டு, பெயர் பிறந்த சிற்றூருக்கு அண்மையிலேயே உள்ளது. பழைய ஆங்கில மொழியில் புலமை பெற்று, அம்மொழியில் அமைந்த மன்னர்களின் சட்டங்களை 1922இல் பதிப்பித்தவர் அவர். தம் பெயர் எம்மொழியில் உருவாயிற்றோ, அம்மொழிக்கே தொண்டு செய்தார். பின்னர் 1932 முதல் 1951 வரை லெஸ்டர் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல்வராக விளங்கினார். அக்கல்லூரியே 1957இல் பல்கலைக்கழகமாகி, பிற்காலத்தில் அவர் பெயரின் வரலாற்றையும் ஆராய்ந்தது.

1939இல் ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி ஜெர்மனியிலிருந்து வந்த யூதச் சிறுமியர் இருவர்க்கு, பிரெடரிக்கும் அவர்தம் துணைவியார் மேரியும் தம் இல்லத்தில் இடமளித்தனர். அமெரிக்காவிலிருந்த உறவினரிடம் அவர்களை அனுப்புவதே எண்ணம். போர் மூண்டது, வழி அடைபட்டது. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அப்பெண்கள் அவ்வீட்டின் மூன்று ஆண்மக்களுக்கும் உடன்பிறந்தாராகவே வளர்ந்தனர். அவர்கள் அட்டன்பரோ என்னும் பெயரைத் தாங்கியவரல்லர். எனினும் அப்பெயர் எய்திய மாண்பில் இச்செயலுக்குப் பெரும்பங்குண்டு.

இனி நம் நிலைக்கு வருவோம். நம் முன்னோர் குடும்பப் பெயரைச் சுமந்தாரல்லர், முதலெழுத்துகளைச் சுமந்தனர். உ. வே. சா. என்னும் மூன்றெழுத்துள் ‘உ’ உத்தமதானபுரம் என்னும் ஊர். ‘வே’ வேங்கடசுப்பையர் என்னும் தந்தை. ஒரு புள்ளியின் பின்னே ஓர் ஊரும் ஒரு தலைமுறையும் ஒளிந்திருந்தன. இங்கே நம் குழந்தைகளின் பள்ளி விண்ணப்பத்தில் ‘குடும்பப் பெயர்’ என்றொரு கட்டம் காத்திருக்கிறது. அதில் தந்தையின் பெயரை எழுதிவிடுகிறோம். ஊரின் எழுத்துக்கு அங்கே இடமில்லை. அடுத்த தலைமுறையில் பாட்டனார் பெயருக்கும் இடமில்லை. கால்ட்டனின் கணக்கில் பெயர் மறையப் பல தலைமுறைகள் ஆகலாம். நம் கட்டத்திலோ இரண்டே தலைமுறைகள் போதும்.

இதற்கு மாற்றாகச் சாதிப் பெயரைத் தேடியெடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டா. அதனைத் தமிழர் பலர் உதறியது நற்செயல். இச்சங்கத்தார் ஒவ்வொருவரும் இல்லத்தில் ஒரு தாளை எடுத்து, தம் முதலெழுத்துகளின் விரிவை எழுதுவாராக. ஊரின் பெயர், அதனருகே ஓடும் ஆறு அல்லது ஏரி, பாட்டனார் பெயர், அவருடன் மறவாமல் பாட்டியின் பெயர், அவர் பிறந்த ஊர் ஆகியவற்றைக் குறித்துப் பிள்ளைகளிடம் தருவாராக. ஆண்வழி மட்டும் காக்கும் பெயர் பாதி வரலாற்றை இழந்துவிடுகிறது. அக்குறையும் இதனால் நீங்கும்.

அட்டன்பரோச் சிற்றூரின் அருகே சரளைக்கல் அகழ்ந்த பள்ளங்களில் நீர் நிறைந்து, பறவைகள் வந்து சேர்ந்தன. அவ்விடம் இயற்கைக் காப்பிடமாக்கப்பட்டு 1966இல் திறக்கப் பெற்றது. திறந்து வைத்தவர் டேவிட் அட்டன்பரோ. பல நூற்றாண்டுகட்கு முன் எவரோ ஒருவர் சுமந்து சென்ற ஊர்ப்பெயர், அவ்வூருக்கே மீண்டு வந்து நின்றது. நம் பிள்ளைகளும் ஒருநாள் நம் ஊர்களுக்குச் செல்லக்கூடும். எந்த ஊருக்குச் செல்வது என்பதையேனும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும் அன்றோ?